கூட்டமாகச் சென்ற சைக்கிள்களும் பெயர் நிரப்பப்படாத படிவமும்

கடந்த சில பத்தாண்டுகளில் மேலை நாட்டுப் பெருநகரங்களில் மாதம் ஒருமுறை நூற்றுக்கணக்கானோர் கூட்டமாகச் சைக்கிளில் வலம் வந்ததாகப் படித்தீர்கள் என்றும், அதை நடத்தியவர் யார், காவல்துறை எப்படி அனுமதித்தது, அதனால் ஏதாவது பயன் விளைந்ததா, அடுத்த ஆண்டு லண்டன் செல்லும் நீங்களும் அதில் கலந்துகொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே பதில்தான். நடத்தியவர் என்று எவரும் இல்லை. ஆகவே அனுமதி கேட்பதற்கும் ஆள் இல்லை, அனுமதி மறுக்கப்படுவதற்கும் ஆள் இல்லை. 'கிரிட்டிக்கல் மாஸ்' என்ற பெயரில் அறியப்பட்ட அந்தச் சவாரியின் வரலாறு முழுவதும், உரிமையாளர் இல்லாத ஒரு கூட்டத்தை என்ன செய்வது என்று மேயர்களும் காவல்துறையும் நீதிமன்றங்களும் திண்டாடிய வரலாறு என்றே எனக்குத் தோன்றுகிறது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் லண்டனில் வேலை பார்த்தபோது அதில் சில மாதங்கள் நானும் சென்றிருக்கிறேன் என்பதால், படித்ததோடு பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

இது தொடங்கிய இடம் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ. 1992 செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை மாலை, வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில், மார்க்கெட் தெருவின் கிழக்கு முனையில், அப்போது ஜஸ்டின் ஹெர்மன் சதுக்கம் என்று அழைக்கப்பட்ட இடத்தில் ஐம்பது பேர் அளவில் சைக்கிளோடு கூடினார்கள். அவர்கள் முன்வைத்த யோசனை மிக எளியது. தினமும் தனித்தனியாக, கார்களுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள், மாதத்தில் ஒரு நாள் மட்டும் ஒன்றாகத் திரும்பலாம் என்பதுதான் அது. முதலில் அதற்கு வைத்த பெயர் 'கம்யூட் கிளாட்'. வீடு திரும்பும் போக்குவரத்தில் உறைந்துபோன இரத்தக்கட்டி என்று பொருள்படும். நல்ல வேளையாக அந்தப் பெயர் நிலைக்கவில்லை.

நிலைத்த பெயருக்கு மூலம் சீனா. நியூயார்க்கைச் சேர்ந்த ஜார்ஜ் பிளிஸ் என்பவர் மனித ஆற்றலால் ஓடும் வண்டிகளை வடிவமைப்பவர். டெட் ஒயிட் எடுத்த ஆவணப்படம் ஒன்றில் அவர் சீனாவின் சாலைச் சந்திப்புகளில் தாம் கண்டதை விவரித்திருந்தார். சிக்னல் விளக்கு இல்லாத சந்திப்பில் குறுக்கே கார்கள் விடாமல் ஓடிக்கொண்டிருக்கும். சைக்கிளில் வந்தவர்கள் ஓரத்தில் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டே இருப்பார்கள். ஒரு கட்டத்தில் கூட்டம் போதுமான அளவு திரண்டதும், யாரும் சொல்லாமலே எல்லாரும் ஒரே நேரத்தில் நகர்வார்கள். கார்கள் தாமாக நின்றுவிடும். அந்தப் 'போதுமான அளவு'க்கு அவர் பயன்படுத்திய சொல்தான் கிரிட்டிக்கல் மாஸ். நம் பள்ளி இயற்பியல் பாடத்தில் அணுக்கருப் பிளவைப் பற்றிப் படிக்கும்போது 'மாறுநிலை நிறை' என்று மனப்பாடம் செய்தோமே, அதே சொல். தொடர்வினை தானாக நிகழ்வதற்குத் தேவையான குறைந்தபட்ச நிறை என்ற அந்த விளக்கம், சைக்கிள் கூட்டத்துக்கும் அப்படியே பொருந்திவிடுகிறது.

கூட்டமாகச் சைக்கிளில் சென்று தெருவில் உரிமை கேட்பதை சான் பிரான்சிஸ்கோக்காரர்கள் 1992-இல்தான் முதன்முதலாகச் செய்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அதே ஊரில், அதே மார்க்கெட் தெருவில், 1896 ஜூலை 25 அன்று ஆயிரக்கணக்கான சைக்கிள்காரர்கள் விளக்குகளை ஏந்தி ஊர்வலம் போயிருக்கிறார்கள். கார் என்ற பொருளே அப்போது தெருவுக்கு வந்திருக்கவில்லை. கரடுமுரடான கல் பாவிய சாலையும், நடுவில் ஓடிய டிராம் தண்டவாளங்களும்தான் அவர்களுடைய எதிரிகள். சாலையைச் சமமாக்கித் தாருங்கள் என்பதே கோரிக்கை. பின்னாளில் காருக்காகப் போடப்பட்ட மழமழப்பான சாலைகளை முதலில் கேட்டு வாங்கியவர்களில் சைக்கிள்காரர்களுக்கும் பங்கு உண்டு என்பதை இன்று காரில் போகிறவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

நடுவில் ஐரோப்பாவிலும் கனடாவிலும் எழுபதுகளின் அலை ஒன்று உண்டு. நெதர்லாந்தில் 1971-ஆம் ஆண்டு மட்டும் சாலை விபத்துகளில் ஏறத்தாழ 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் எழுந்து, ஆம்ஸ்டர்டாம் தெருக்களில் பெரும் சைக்கிள் ஊர்வலங்கள் நடந்தன. கனடாவின் மான்ட்ரியல் நகரில் 1975-இல் தொடங்கிய ஓர் அமைப்பு, நாடகம் போடுவதைப் போலவே போராடியது. மெட்ரோ ரயிலில் சைக்கிளை ஏற்ற அனுமதி இல்லை என்றதும், ஏணி போன்ற பெரிய பெரிய சாமான்களைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி, இவற்றுக்கெல்லாம் தடை இல்லையே என்று கேட்டார்கள். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அமைப்பு இருந்தது, கோரிக்கைப் பட்டியல் இருந்தது, பேச்சுவார்த்தைக்கு அழைத்தால் வந்து உட்காரப் பெயர் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். 1992-இல் புதிதாக வந்தது அவை ஒன்றும் இல்லாத நிலை.

இந்த இடத்தில் ஒரு சிறு விலகல். அதே 1992-ஆம் ஆண்டு, சான் பிரான்சிஸ்கோவுக்கு ஆறு மாதம் முன்பாகவே, மார்ச் மாத மகளிர் தினத்தன்று, நம் புதுக்கோட்டையின் தெருக்களில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு சைக்கிளில் வந்தார்கள். மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்ததன் விளைவு அது. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஆயினும் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டால், உலகம் முழுதும் பேசப்பட்ட கூட்டத்தில் ஐம்பது பேர், நாம் மறந்துவிட்ட கூட்டத்தில் ஆயிரத்து ஐந்நூறு பேர். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கி, அந்தக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று மகிழ்ந்த பெண்கள் அவர்கள். அது அரசும் இயக்கமும் சேர்ந்து ஏற்பாடு செய்தது. இது எவரும் ஏற்பாடு செய்யாதது. நீங்கள் கேட்டது இரண்டாவதைப் பற்றி என்பதால் மறுபடி அதற்கே வருகிறேன்.

ஏற்பாடு செய்பவர் இல்லாமல் ஆயிரம் பேர் ஒரு நகரத்தைக் கடப்பது எப்படி என்று வியப்பு ஏற்படுவது இயல்பு. மாதத்தின் கடைசி வெள்ளி, மாலை ஆறு மணி, இன்ன இடம் என்ற மூன்று விவரங்கள் மட்டும் நிலையானவை. மற்றவை எல்லாம் அன்றன்று நடப்பவை. சான் பிரான்சிஸ்கோவில் தொடக்க ஆண்டுகளில் எவருக்கு ஒரு பாதை பிடித்திருக்கிறதோ அவர் அதை வரைபடமாகப் போட்டு, ஜெராக்ஸ் எடுத்து, சதுக்கத்தில் கூடியவர்களிடம் விநியோகிப்பார். இரண்டு மூன்று பாதைகள் வந்தால் கை உயர்த்திக் கேட்பார்கள். கருத்து உள்ளவன் தன் காசில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கட்டும், பிடித்தால் மற்றவர்கள் ஏற்கட்டும் என்ற இந்த முறைக்கு 'ஜெராக்கிரசி', அதாவது ஜெராக்ஸ் ஆட்சி, என்று அவர்களே பெயர் வைத்தார்கள். லண்டனில் நான் சென்ற நாட்களில் அதுகூடக் கிடையாது. முன்னால் போகிறவர் எந்தப் பக்கம் திரும்புகிறாரோ அந்தப் பக்கம் கூட்டமும் திரும்பும். அவர் யார் என்பது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும்.

ஆனால் ஒரு நுட்பம் இல்லாவிட்டால் இது பத்து நிமிடம்கூடத் தாங்காது. அதைக் 'கார்க்கிங்' என்பார்கள். புட்டியைத் தக்கையால் அடைப்பதுதான். பச்சை விளக்கு எரியும்போது கூட்டத்தின் முன்பகுதி சந்திப்பைக் கடக்கத் தொடங்குகிறது. பாதி கடப்பதற்குள் சிவப்பு விழுந்துவிடும். அங்கே நின்றால் கூட்டம் இரண்டாக அறுந்துவிடும், இடைவெளியில் கார்கள் நுழைந்துவிடும், அப்புறம் கூட்டத்துக்குள் சிக்கிய கார்காரருக்கும் ஆபத்து, சைக்கிள்காரருக்கும் ஆபத்து. ஆகவே நான்கைந்து பேர் முன்னதாகவே பிரிந்து, குறுக்குச் சாலையின் வாயில் சைக்கிளைக் குறுக்காக நிறுத்திக்கொண்டு, கடைசி ஆள் கடக்கும்வரை நிற்பார்கள். பிறகு ஓடிப்போய் வாலில் சேர்ந்துகொள்வார்கள். அடுத்த சந்திப்பை அடைக்க வேறு நான்கு பேர் தாமாக முன்வருவார்கள்.

லண்டனின் ஆல்ட்விச் பகுதியில் ஒரு நவம்பர் மாலை நானும் அப்படி ஒரு சாலை வாயில் நின்றேன். எனக்கு இடப்பக்கம் ஒரு பெண், கையுறையைக் கழற்றிவிட்டு, 'காத்திருப்பதற்கு நன்றி' என்று அச்சடித்த சிறு துண்டுச்சீட்டை முதல் வண்டியின் ஓட்டுநரிடம் நீட்டினார். அந்த ஓட்டுநர், இரட்டை மாடிப் பேருந்துக்காரர், அதை வாங்கிப் படித்துவிட்டு எஞ்சினை அணைத்தார்; பின்னால் நின்ற வேன்காரரோ ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஒவ்வொரு சைக்கிளும் என் முன்சக்கரத்தை உரசினாற்போலக் கடந்தது. மணியோசைகள், ஒரு தள்ளுவண்டியில் கட்டிய ஒலிபெருக்கி, பின்னிருக்கையில் தூங்கிவிட்ட ஒரு குழந்தை. ஐந்தாறு நிமிடம் இருக்கும். எனக்கு அது ஐம்பது நிமிடம்போல் இருந்தது. அந்த வேன்காரர் இறங்கி வந்தால் என்ன பதில் சொல்வது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். சிவப்பு விளக்கில் போவதும் சாலையை அடைப்பதும் சட்டப்படி குற்றம்தான் என்பதையும், அந்த வேன்காரர் தன் பக்கத்தில் நியாயம் வைத்திருந்தார் என்பதையும் இன்றைக்கு நான் மறுக்க மாட்டேன். கூட்டத்தில் சேர்ந்துவிட்ட துணிச்சலில் வேண்டுமென்றே கார்க்காரர்களிடம் வம்பிழுத்தவர்களும் எல்லா ஊரிலும் இருந்தார்கள். தலைவர் இல்லாத கூட்டத்தில் அவர்களைக் கண்டிக்கவும் ஆள் இல்லை.

சான் பிரான்சிஸ்கோவில் ஐம்பது பேர் ஐந்தே ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் ஆனார்கள். 1997-இல் மேயர் வில்லி பிரவுன், இதற்கு ஒரு முடிவு கட்டுவதாக அறிவித்தார். சைக்கிள் ஆர்வலர்கள் சிலரை அழைத்துப் பேசி, இன்ன பாதையில், காவலர் துணையோடு போவது என்று உடன்பாடு கண்டார். பேசியவர்களுக்குப் பேச அதிகாரம் தந்தது யார் என்ற கேள்வியை அவர் கேட்டுக்கொள்ளவில்லை. ஜூலை 25 அன்று சதுக்கத்தில் ஏறத்தாழ 5,000 பேர் திரண்டிருந்தார்கள். மேயர் பேச வந்தபோது கூச்சல் எழுந்தது. கூட்டம் பல கூறுகளாகப் பிரிந்து, பேசி முடித்த பாதையை விட்டு நகரெங்கும் பரவியது. அன்றிரவு 100-க்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள், சைக்கிள்கள் பறிமுதல் செய்யப்பட்டன. 1896-இன் அந்தப் பழைய ஊர்வலத்துக்கும் இதற்கும் இடையே மிகச் சரியாக 101 ஆண்டுகள். அடுத்த மாதம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஒவ்வொரு சிவப்பு விளக்குக்கும் நின்று, ஒவ்வொரு விதியையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தபடி போவோம் என்று பலர் கிளம்பினார்கள். சட்டப்படி ஓட்டுகிறவர்களைக் கைதுசெய்ய முடியாது. சட்டப்படி ஓட்டினாலும் அத்தனை பேர் போகும் தெருவில் நெரிசல் குறையாது.

நியூயார்க்கில் கதை கசப்பானது. 2004 ஆகஸ்ட் 27 வெள்ளிக்கிழமை, குடியரசுக் கட்சியின் தேசிய மாநாடு தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பு, வழக்கமான மாதச் சவாரிக்குச் சுமார் 5,000 பேர் வந்துவிட்டார்கள். காவல்துறை 260-க்கும் மேற்பட்டோரைக் கைதுசெய்து, ஹட்சன் நதிக்கரையில் முன்பு பேருந்துப் பணிமனையாக இருந்த 57-ஆம் எண் படகுத்துறைக் கட்டடத்தில் அடைத்தது. அதுவரை ஓரளவு கண்டும் காணாமலும் இருந்த காவல்துறை, அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் ஸ்கூட்டரிலும் ஹெலிகாப்டரிலும் துரத்தியது. கம்பத்தில் பூட்டி வைத்திருந்த சைக்கிள்களைக்கூடப் பூட்டை அறுத்து எடுத்துச் சென்றார்கள். நகர நிர்வாகம் இந்தச் சவாரியைத் தடைசெய்யக் கோரி நீதிமன்றங்களுக்குப் போனது, தடை கிடைக்கவில்லை. பிறகு, வேறு வழியாக, 50 பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ கூட்டமாகச் சென்றால் அது ஊர்வலம், அதற்கு முன்அனுமதி வேண்டும் என்று 2007-இல் விதியையே மாற்றியது. அந்த விதி 2010-இல் கூட்டாட்சி நீதிமன்றத்திலும் நிலைத்தது. ஐம்பது என்ற எண்ணைப் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோவில் முதல் நாள் வந்த கூட்டம் ஏறத்தாழ அந்த அளவுதான்.

2008 ஜூலையில் டைம்ஸ் சதுக்கத்தில் ஒரு காவலர், தன்னை நோக்கி ஒருவர் வேண்டுமென்றே சைக்கிளை மோதவிட்டதாகக் குற்றம் சாட்டி அவரைக் கைதுசெய்தார். சில நாட்களில் வெளிவந்த காணொளியில், அந்தக் காவலரே நடந்துபோய் ஓடும் சைக்கிளிலிருந்து அவரைத் தள்ளிவிடுவது தெளிவாகத் தெரிந்தது. வழக்கு கைவிடப்பட்டது, பொய்ப் புகார் எழுதியதற்காக 2010-இல் காவலரே குற்றவாளி என்று தீர்ப்பானது. அதே ஆண்டு, தவறாகக் கைதுசெய்யப்பட்டதாக வழக்குத் தொடுத்த 83 பேருக்கு 9,65,000 டாலர் கொடுத்து நகர நிர்வாகம் சமரசம் செய்துகொண்டது. பணம் கிடைத்தது, ஆனால் அதற்குள் மாதச் சவாரிக்கு வருபவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துபோயிருந்தார்கள். வெற்றி யாருக்கு என்று கேட்டால், காவல்துறைக்குத்தான் என்பேன்.

சட்டத்தின் பார்வையில் மிகச் சுவையான கட்டம் லண்டன். அங்கே 1994 ஏப்ரலிலிருந்து சவாரி நடக்கிறது. தேம்ஸ் நதியின் தென்கரையில், வாட்டர்லூ பாலத்தின் அடியில் கூடுவார்கள். பிரிட்டனின் 1986-ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, ஏதேனும் ஒரு கருத்தை வெளிப்படுத்தும் ஊர்வலம் நடத்துகிறவர் ஆறு முழு நாட்களுக்கு முன்னதாகக் காவல்துறைக்கு எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும் என்கிறது. நாள், நேரம், பாதை, ஏற்பாடு செய்பவரின் பெயர், முகவரி ஆகியவை அதில் இருக்க வேண்டும். பத்தாண்டுக்கும் மேலாகப் பிரச்சினை இல்லாமல், சில சமயம் காவலர்களே சைக்கிளில் கூட வந்து சந்திப்புகளை அடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த நிலையில், 2005 இலையுதிர் காலத்தில் சவாரிக்கு வந்தவர்களிடம் காவல்துறை ஒரு கடிதத்தை விநியோகித்தது. முன்அறிவிப்பு இல்லாத இந்தச் சவாரிகள் சட்டவிரோதமானவை, பங்கேற்பவர்கள் கைதாகலாம் என்பது அதன் சாரம். பாதையும் தெரியாது, ஏற்பாட்டாளரும் இல்லை என்னும்போது படிவத்தில் எதை எழுதுவது என்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

டெஸ் கே என்ற சவாரிக்காரர் வழக்குத் தொடர்ந்தார். அதே 11-ஆவது பிரிவிலேயே ஒரு விலக்கு உண்டு: அந்தக் காவல் எல்லைக்குள் 'வழக்கமாக' நடைபெறும் ஊர்வலத்துக்கு அறிவிப்புத் தேவையில்லை. ஆண்டுதோறும் நடக்கும் தேவாலய ஊர்வலம் போன்றவற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்று கொள்ளலாம். பத்தாண்டாக மாதந்தோறும் நடக்கிறதே, இது வழக்கம் இல்லையா என்பது டெஸ் கே தரப்பின் கேள்வி. ஒவ்வொரு மாதமும் வேறு வேறு பாதையில் போவது எப்படி ஒரே ஊர்வலம் ஆகும், வழக்கம் என்றால் பாதையும் வழக்கமாக இருக்க வேண்டாமா என்பது காவல்துறையின் பதில். உயர் நீதிமன்றம் 2006-இல் சைக்கிள்காரர் பக்கமும், மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007-இல் காவல்துறைப் பக்கமும் தீர்ப்பளித்தன. இறுதியாக 2008 நவம்பர் 26 அன்று அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இயங்கிய பிரபுக்கள் சபையின் நீதிபதிகள், இது வழக்கமாக நடைபெறும் ஊர்வலமே, அறிவிப்புத் தேவையில்லை என்று ஒருமனதாகத் தீர்த்தார்கள். ஏற்பாட்டாளரும் முன்தீர்மானித்த பாதையும் இல்லாத ஒன்றுக்கு அறிவிப்பு விதியைப் பொருத்துவதே முடிகிற காரியமா என்ற ஐயமும் அந்தத் தீர்ப்பில் எழுப்பப்பட்டது. நம் ஊரில் தேர் ஓடும் வீதியைப் பற்றிய தகராறுகளில் 'மாமூல்' என்ற ஒற்றைச் சொல் எவ்வளவு வலிமையோடு நிற்கும் என்பது தெரிந்தவர்களுக்கு இந்த வாதம் அந்நியமாகத் தோன்றாது.

அதற்காக லண்டன் காவல்துறையின் கை முழுவதும் கட்டப்பட்டுவிடவில்லை. அதே சட்டத்தின் 12-ஆவது பிரிவு, நடக்கிற ஊர்வலத்துக்கு நிபந்தனை விதிக்க அனுமதிக்கிறது. 2012 ஜூலை 27, ஒலிம்பிக் தொடக்க விழா நாள், அந்த மாதத்தின் கடைசி வெள்ளியாகவும் அமைந்துவிட்டது. நதிக்கு வடகரையில் செல்லக் கூடாது என்று நிபந்தனை விதித்து, மீறிச் சென்றவர்களில் 182 பேரைக் காவல்துறை கைதுசெய்தது. அவர்களில் நீதிமன்றத்தில் குற்றவாளிகள் என்று முடிவானவர்கள் மிகச் சிலரே.

ஜெர்மனியில் இந்தத் தலைவலியே இல்லை. அந்நாட்டுச் சாலைப் போக்குவரத்து விதிகளின் 27-ஆவது பிரிவுப்படி, 15 பேருக்கு மேல் சைக்கிளில் சேர்ந்து சென்றால் அவர்களை ஒரே வண்டித்தொடராகக் கொள்ளலாம். இரண்டிரண்டு பேராக அருகருகே செல்லலாம். முதல் ஆள் பச்சையில் கடந்துவிட்டால், நடுவில் சிவப்பு விழுந்தாலும் கடைசி ஆள்வரை கடக்கலாம். சான் பிரான்சிஸ்கோவில் தக்கை வைத்து அடைத்துப் பெற்றதை அங்கே விதிப்புத்தகமே தந்துவிடுகிறது. இதைப் படிக்கும்போது, சட்டம் எழுதியவர்கள் சைக்கிளில் போயிருக்கிறார்களா இல்லையா என்பது சட்டத்திலேயே தெரிந்துவிடும் என்று எனக்கு ஒரு நினைப்பு வரும்.

ஹங்கேரியின் புடாபெஸ்ட் இன்னொரு வகை. அங்கே 2004 செப்டம்பரில், கார் இல்லாத நாளன்று, சில ஆயிரம் பேரோடு தொடங்கியது, 2008 ஏப்ரலில் ஏறத்தாழ 80,000 பேரை எட்டியது. முடிவில் எல்லாரும் ஒரே நேரத்தில் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பார்கள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை சக்கரங்களாகத் தெரியும் அந்தப் புகைப்படங்களை நீங்களும் பார்த்திருக்கக்கூடும். மாதந்தோறும் அல்ல, ஆண்டுக்கு இரண்டு முறை. அனுமதியோடு, காவல்துறை ஒத்துழைப்போடு, பெயர் தெரிந்த அமைப்பாளர்களோடு. 2013-இல் அமைப்பாளர்களே இதுதான் கடைசி என்று அறிவித்து முடித்தும் வைத்தார்கள். தலைவர் இருந்தால் கிடைக்கும் பெரிய வசதி இது, முடிக்க முடியும்.

பயன் விளைந்ததா என்ற உங்கள் கேள்விக்கு நேர்மையான பதில், தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது என்பதுதான். லண்டனில் 2003-இல் மையப் பகுதிக்குள் நுழையும் கார்களுக்குக் கட்டணம் வந்தது, 2010-இல் வாடகைச் சைக்கிள் நிலையங்களும் நீல நிறச் சைக்கிள் தடங்களும் வந்தன. அவற்றை மாதச் சவாரி கொண்டுவந்தது என்று சொன்னால் அது மிகை. சான் பிரான்சிஸ்கோவில் 1997 கலவரத்துக்குப் பிறகு சைக்கிள் பாதைகள் பற்றிய பேச்சு சூடுபிடித்தது உண்மை. ஆனால் அங்கேயே 2006-இல், முழுமையான சுற்றுச்சூழல் ஆய்வு செய்யவில்லை என்ற வழக்கில் நீதிமன்றம் தடை விதித்து, 2010 வரை நகரம் புதிய சைக்கிள் பாதை போட முடியாமல் முடங்கிக் கிடந்தது. சைக்கிள் பாதையால் சுற்றுச்சூழல் கெடுமா என்று ஆராய நான்கு ஆண்டுகள். ஆயிரம் பேர் தெருவில் செய்ததையும் ஒற்றை மனு செய்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பெயருக்கு மூலமான சீனாவிலோ நிலைமை தலைகீழாகிவிட்டது: கார்களுக்கு இடையூறு என்று சொல்லி, முக்கியச் சாலைகளில் சைக்கிளுக்குத் தடை விதிக்கும் திட்டத்தை ஷாங்காய் நகரம் 2003-இன் இறுதியில் அறிவித்தது.

என்னளவில் கண்ட பயன் சிறியது, ஆனால் உறுதியானது. தனியாக ஓட்டும்போது ஒரு சாலை எவ்வளவு அகலமானது என்பது எனக்குத் தெரிந்ததே இல்லை; நடைபாதை விளிம்பை ஒட்டிய ஒன்றரை அடிதான் என் சாலை. வாட்டர்லூ பாலத்தின் நடுக்கோட்டில், இரண்டு பக்கமும் நதி தெரிய, பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓட்டிய அன்றுதான் அந்தப் பாலத்தை முழுதாகப் பார்த்தேன். மறுநாள் வேலைக்குப் போகும்போது அந்த ஒன்றரை அடியை மூன்றடியாக எடுத்துக்கொள்ளும் தைரியம் வந்திருந்தது. பல ஊர்களில் இலவசப் பழுதுபார்ப்புப் பட்டறைகளையும் சைக்கிள் பயிற்சி வகுப்புகளையும் தொடங்கியவர்களில் சிலர் இந்தக் கூட்டங்களில் பழகியவர்கள்தான்.

நீங்கள் கலந்துகொள்ளலாமா என்றால், தாராளமாகக் கலந்துகொள்ளலாம். கடைசி வெள்ளி மாலை ஆறு மணிக்கு வாட்டர்லூ பாலத்தின் தென்கரை அடியில் போய் நில்லுங்கள். ஆறு மணி என்றால் கூடும் நேரம்தான்; புறப்பட ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும் என்பதால் பசியோடு போகாதீர்கள். வாடகைச் சைக்கிளே போதும். கூட்டத்தின் வேகம் நடையை விடச் சற்று அதிகம், அவ்வளவே. உங்கள் சைக்கிளாக இருந்தால் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு விளக்கில்லாமல் ஓட்டுவது சட்டப்படி குற்றம், காவலர் முதலில் கேட்பதும் அதைத்தான். முதல் தடவை என்பதால் நடுப்பகுதியிலேயே இருங்கள். முன்னால் போனால் எந்தப் பக்கம் திரும்புவது என்று நீங்களே முடிவு செய்ய வேண்டி வந்துவிடும், வாலில் போனால் கார்களின் கோபம் முழுவதும் உங்கள் முதுகில் விழும். எங்கே முடியும் என்று யாரையும் கேட்காதீர்கள், அவர்களுக்கும் தெரியாது. திரும்பி வர ரயில் நிலையம் எது என்பதைக் கைபேசியில் பார்த்துக்கொள்வது நல்லது.